ஒரே கிருமி, இரண்டு ஊர்

கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில் நாரின்யோ என்றொரு மாகாணம். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் ஆண்டிஸ் மலை. கடலோரத்தில் இருப்பது துமாக்கோ. மீனும் தேங்காயும் வாழைக்காயும் அன்றாடச் சாப்பாடாக உள்ள, வியர்த்து வழிகிற துறைமுக ஊர். சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஓர் எரிமலையை ஒட்டி இருப்பது தூக்கெரஸ். உருளைக்கிழங்கு விளையும் குளிர்மலை ஊர். இரண்டுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கோவை போகிற தூரம்.

இரண்டு ஊரிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருடைய இரைப்பையில் ஒரே கிருமி குடியிருக்கிறது: ஹெலிகோபாக்டர் பைலோரி. நம்மூர் டாக்டர்கள் எண்டோஸ்கோப்பி முடித்துவிட்டு ‘எச்.பைலோரி பாசிட்டிவ்’ என்று சீட்டில் எழுதுவார்களே, அதே ஆசாமிதான். இரைப்பைப் புற்றுநோய்க்கு உலக அளவில் முதன்மைக் காரணம் இந்தக் கிருமி. அப்படியென்றால் இரண்டு ஊரிலும் அந்தப் புற்றுநோய் ஏறத்தாழ ஒரே அளவில் வர வேண்டும். வரவில்லை. மலையூரில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 150 பேருக்கு வருகிறது. கடலோரத்தில் சுமார் 6 பேருக்கு. 25 மடங்கு வித்தியாசம்.

இதற்கு விடை தேடியவர்கள் முதலில் சாப்பாட்டுத் தட்டில் தேடினார்கள். பிறகு கிணற்றுத் தண்ணீரில். கடைசியில் வந்து நின்ற இடம், கிருமியின் மரபணுக்கள். அங்கேயும் பாதி விடைதான் இருந்தது.

தேடலைத் தொடங்கியவர் பெலாயோ கொரியா. கொலம்பியாவில் 1927-ல் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர். காலி என்ற நகரத்தின் (பெயர்தான் அப்படி, ஊர் நிரம்பி வழியும்) பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, மலைப்பகுதியிலிருந்து வரும் இரைப்பைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து ஒரு வரிசையைக் கண்டுகொண்டார். முதலில் இரைப்பைச் சுவரில் அழற்சி. அது ஆறாமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்துபோகின்றன. தேய்ந்த இடத்தில் இரைப்பைத் திசு தன் குணத்தை மறந்து, குடல் திசுவைப் போல மாறுகிறது. அந்த மாறிய திசுவில் ஒழுங்கு கெடுகிறது. கடைசியில் புற்றுநோய். முழுப் பயணத்துக்கும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகலாம். இன்று மருத்துவக் கல்லூரிகளில் ‘கொரியா அடுக்கு’ என்ற பெயரில் பாடமாக இருக்கும் இந்த வரிசையை அவரும் தோழர்களும் 1975-ல் வெளியிட்டார்கள்.

அதில் எந்தக் கிருமியின் பெயரும் இல்லை. வழியை வரைந்தாயிற்று, வழியில் ஆளை நெட்டித் தள்ளியது யார் என்று தெரியவில்லை. மலையூர்க் கிணறுகளில் நைட்ரேட் அதிகம், சாப்பாட்டில் உப்பு அதிகம், பழமும் காய்கறியும் குறைவு என்று கொரியாவின் குழு எழுதி வைத்தது. அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் 25 மடங்கைச் சுமக்க அவற்றுக்குத் தோள் போதவில்லை.

ஆளைக் காட்டிக்கொடுத்தது ஆஸ்திரேலியா. பெர்த் நகரின் ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் 1979-ல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்கும் முயற்சி தோற்றுக்கொண்டே இருந்தது. வழக்கப்படி இரண்டு நாளில் தட்டுகளைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் வந்து கொட்டவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கூடுதலாக இரண்டு மூன்று நாள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, வாந்தி எடுத்து, எண்டோஸ்கோப்பி செய்து, தன் இரைப்பை அழற்சியைத் தானே ஆவணமாக்கினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கதை பலரும் அறிந்ததுதான், அதனால் இங்கே நிற்கவில்லை.

1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல். அதற்குப் பிறகுதான் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயிற்றில் இருக்கும் கிருமி எல்லோருக்கும் புற்றுநோய் தருவதில்லை. ஜப்பானில் உஏமுரா என்ற மருத்துவரின் குழு 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டது. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். கிருமி இல்லாமல் நோய் இல்லை என்று ஒரு வாசிப்பு. கிருமி இருந்த நூற்றில் 97 பேருக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது இன்னொரு வாசிப்பு. நம் கதைக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்த மூன்று பேரை மற்ற 97 பேரிடமிருந்து பிரித்தது எது?

ஊசி வைத்திருக்கும் கிருமி

1997-ல் ஹெலிகோபாக்டரின் முழு மரபணுத் தொகுப்பு படிக்கப்பட்டது. சுமார் 16.7 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 1,590 மரபணுக்கள். மனிதனோடு ஒப்பிட்டால் பெட்டிக்கடைக் கணக்கு. இரண்டாண்டு கழித்து இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் தொகுப்பும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் இருக்கும் மரபணுக்களில் 6 முதல் 7 சதவீதம் மற்றதில் இல்லவே இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு. சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரே சொல்லில் எழுதினாலும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் விதமான கிருமிகள்.

வேறுபாடுகளில் முக்கியமானது ஒரு துண்டு. சுமார் 40,000 எழுத்து நீளம், முப்பதுக்குச் சற்று முன்பின்னான மரபணுக்கள். ‘கேக்’ தீவு என்று அழைக்கிறார்கள். தீவு என்ற பெயர் பொருத்தமானதுதான். அந்தத் துண்டின் எழுத்துச் சேர்க்கை கிருமியின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போவதில்லை. என்றோ ஒரு காலத்தில் வேறேதோ நுண்ணுயிரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வெளியூர்ச் சரக்கு. சில கிருமிகளிடம் இது இருக்கிறது, சிலவற்றிடம் இல்லை.

இந்தத் தீவின் மரபணுக்களில் பெரும்பாலானவை சேர்ந்து கட்டுவது ஓர் ஊசி. உண்மையிலேயே ஊசிபோல வேலை செய்கிற கருவி. கிருமி இரைப்பைச் செல்லின்மேல் ஒட்டிக்கொண்டு அந்த ஊசி வழியே ஒரே ஒரு புரதத்தை உள்ளே செலுத்துகிறது. புரதத்தின் பெயர் கேக்-ஏ. இரைப்பையில் அமிலத்தை நம்மைவிட நன்றாகச் சமாளிக்கும் கிருமி அது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு, திருகுபோலச் சளிப்படலத்துக்குள் நுழைந்துவிடும். அதுவரை எல்லா ஹெலிகோபாக்டரும் செய்வதுதான். ஊசி போடுவது மட்டும் எல்லாவற்றாலும் ஆகாது.

உள்ளே போன கேக்-ஏ என்ன செய்கிறது என்பதைத் துப்புத் துலக்கியதில் பெரும் பங்கு ஜப்பானிய ஆய்வாளர் மசனோரி ஹதகெயாமாவுடையது. எனக்கு இது தாலுகா ஆபீஸில் நடக்கும் காரியத்தைப் போலத் தோன்றுகிறது. வெளியாள் ஒருவர் ஒரு தாளோடு உள்ளே வருகிறார். தாளில் சரக்கு ஒன்றுமில்லை. ஆனால் மேசையில் இருக்கும் எழுத்தர் வழக்கம்போல முத்திரை குத்திவிடுகிறார். முத்திரை விழுந்ததும் அது அரசு உத்தரவாகிவிடுகிறது. கேக்-ஏ புரதத்தில் ‘எபியா’ என்று பெயரிடப்பட்ட சிறு துணுக்குகள் உண்டு. ஐந்து அமினோ அமிலங்களின் வரிசை அது. நம் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தத் துணுக்குமேல் பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்துகின்றன. குத்தப்பட்ட கேக்-ஏ, ‘ஷிப்-2’ என்ற நம்முடைய சொந்தப் புரதத்தைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. செல் வளர வேண்டும், நகர வேண்டும், பெருக வேண்டும் என்று கட்டளையிடும் அலுவலர் அந்த ஷிப்-2. 2002-ல் ஹதகெயாமாவின் குழு இதை வெளியிட்டது.

ஆய்வகத்தில் இப்படி ஊசி போடப்பட்ட செல்கள் நீண்டு, மெலிந்து, ஒரு முனையில் அலகு வைத்ததுபோல ஆகிவிடுகின்றன. பார்த்தவர்கள் அதற்கு ஹம்மிங்பேர்டு வடிவம் என்று பெயர் வைத்தார்கள். தேன்சிட்டுபோல இருக்கிறது என்று நாம் சொல்லியிருப்போம். அழகான பெயர்தான். செல்லுக்கு அது நல்ல சகுனமில்லை: பக்கத்துச் செல்லோடு கைகோத்து, மேல் கீழ் தெரிந்து, வரிசையில் நிற்க வேண்டிய செல் அது.

2008-ல் அதே குழு கிருமியே இல்லாமல் கேக்-ஏ மரபணுவை மட்டும் எலியின் மரபணுவில் சேர்த்துப் பார்த்தது. சில எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. முத்திரை குத்த முடியாதபடி மாற்றிய கேக்-ஏ கொடுத்த எலிகளுக்கு வரவில்லை. பாக்டீரியாவின் ஒரு புரதம் தனித்தே பாலூட்டி உடலில் புற்றுநோய் உண்டாக்க முடியும் என்று காட்டிய முதல் சோதனை அது.

மேற்கத்திய நாடுகளில் எடுக்கப்பட்ட ஹெலிகோபாக்டர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் கேக்-ஏ உண்டு. ஜப்பான், கொரியா, சீனாவில் அநேகமாக எல்லாவற்றுக்கும் உண்டு. அதோடு முடியவில்லை. கிழக்காசியக் கிருமியின் எபியா துணுக்கும் மேற்கத்தியக் கிருமியின் எபியா துணுக்கும் ஒன்றில்லை. முத்திரை விழும் இடத்தின் அருகே ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் கிழக்காசிய வகை ஷிப்-2-வைப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. உலகத்திலேயே இரைப்பைப் புற்றுநோய் அதிகமாக வரும் வட்டாரம் எது என்று கேட்டால், அதே கிழக்காசியா. ஜப்பானுக்குள்ளேயே அந்த நோய் குறைவாக உள்ள இடம் ஓகினாவா தீவுகள். அங்கே மேற்கத்திய வகைக் கேக்-ஏ கொண்ட கிருமிகளும் கேக்-ஏ இல்லாத கிருமிகளும் ஜப்பானின் மற்ற பகுதிகளைவிட அதிகம்.

கேக்-ஏ மட்டுமே வில்லனில்லை. வேக்-ஏ என்று இன்னொரு மரபணு. இது எல்லா ஹெலிகோபாக்டரிலும் உண்டு. செல்லுக்குள் குமிழி குமிழியாகப் பொந்துகள் உண்டாக்கும் நச்சுப் புரதத்தை எழுதும் மரபணு. ஆனால் அதன் தொடக்கப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் சில எழுத்துகள் வேறாக இருந்தால் நஞ்சு ஏறத்தாழ நீர்த்துப்போகிறது. ஒரே பாத்திரத்தில் சிலர் விஷம் வைத்திருக்கிறார்கள், சிலர் வெறும் தண்ணீர். பேப்-ஏ என்பது மூன்றாவது. இரைப்பைச் செல்மேல் உள்ள ஒரு வகை ரத்த வகைச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் கொக்கி அது. கொக்கி உறுதியாக மாட்டினால்தானே ஊசி நன்றாக இறங்கும்.

நெய்யூரில் நின்றிருந்த வரிசை

இங்கே நம் பக்கத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குள் எட்டிப் பார்த்தார். காத்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்க முடிவெடுத்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய்விட்டுத் திரும்பி வந்து, பல ஆண்டுகள் நெய்யூரில் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்த நோய்களில் முதன்மையானது முன்சிறுகுடல் புண். நேற்றுச் சாப்பிட்டதை இன்று வாந்தி எடுக்கும் அளவுக்கு வழி அடைத்துப்போய் எலும்பும் தோலுமாக வருபவர்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1940-ல் வந்தது.

தென்னிந்தியாவில் ஏன் இவ்வளவு குடல்புண் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அரிசி, மரவள்ளி, மிளகாய், புளி எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கின. நம் வீடுகளில் இன்றும் அந்தக் கூண்டு காலியாகவில்லை. என் பெரியப்பாவுக்கு ‘அல்சர்’ என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் போனது, மணத்தக்காளிக் கீரை வாரம் மூன்று நாள் வந்தது. ‘நேரத்துக்குச் சாப்பிடாம ஊர் சுத்தினா இப்படித்தான்’ என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே பரிமாறுவார். கிருமி என்று ஒரு பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. உலகத்தில் வேறெங்குமே எழாத காலம்தான் அது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. முன்சிறுகுடல் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் ஒரே கிருமியின் வேலைதான் என்றாலும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அரிது. உஏமுராவின் ஆய்வில் கிருமியும் முன்சிறுகுடல் புண்ணும் இருந்த 275 பேரில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. அழற்சி இரைப்பையின் கீழ்வாயில் மட்டும் நின்றால் அமிலம் கூடுகிறது. கூடிய அமிலம் குடலைப் புண்ணாக்குகிறது. அழற்சி இரைப்பையின் உடல் முழுவதும் பரவினால் அமிலச் சுரப்பிகள் தேய்ந்து, அமிலம் குறைந்து, கொரியாவின் வரிசையில் கால் வைக்கிறது. சாலை பிரியும் இடத்தில் கிருமியின் மரபணுவும் மனித உடலும் சேர்ந்து கைகாட்டுகின்றன.

இந்தியாவில் இந்தக் கைகாட்டியைப் படிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. கொல்கத்தாவில் நடந்த ஆய்வுகளில், புண் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் கேக்-ஏ கொண்ட கிருமிகள் பெரும்பாலும் ஒரே அளவில் காணப்பட்டன. அமெரிக்காவில் ‘கேக்-ஏ இருக்கிறதா?’ என்ற கேள்வி ஓரளவு ஆபத்தைப் பிரித்துக் காட்டுகிறது. நம்மிடம் அது எல்லோர் கையிலும் இருக்கும் ரேஷன் கார்டுபோல. இருப்பதை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. தொற்று அதிகமாக உள்ள நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதை ஆசியப் புதிர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புதிருக்குள்ளும் ஒரு புதிர், மிசோரம். நாட்டிலேயே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலம். புகையூட்டிய இறைச்சியும், புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கிக் கொப்பளிக்கும் ‘துய்பூர்’ பழக்கமும் அங்கே ஆய்வாளர்களின் பட்டியலில் இருக்கின்றன.

தமிழர்களை வைத்தே ஒரு தடயம் கிடைத்த நாடு மலேசியா. ஒரே நகரம், ஒரே மருத்துவமனை, மூன்று இனத்தார். அங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஹெலிகோபாக்டர் தொற்று அவர்களிடம் மிக அதிகம். ஆனால் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். கிருமிகளைப் பிரித்துப் பார்த்தபோது சீனர்களிடம் பெரும்பாலும் கிழக்காசிய வகைக் கேக்-ஏ. இந்தியர்களிடம் மேற்கத்திய வகை. மலாய்க்காரர்களிடம் தொற்றே குறைவு. இருக்கும் கிருமியும் இந்தியர்களுடைய கிருமிக்கு நெருங்கிய உறவு. அதாவது மலாய்க்காரர்கள் அதை வாங்கிக்கொண்டதே பிற்காலத்தில், பக்கத்து வீட்டிலிருந்து. ஒன்றாகப் பழகியதன் சாட்சி வயிற்றுக்குள்ளும் இருக்கிறது.

பாட்டி தந்த சொத்து

கிருமிக்கு ஊரும் உறவும் எப்படி வந்தது? இந்தக் கிருமி காற்றில் பறப்பதில்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ உடன்பிறந்தவர்களிடமிருந்தோ வந்து சேர்கிறது. வந்தால் மருந்து கொடுக்காதவரை ஆயுள் முழுக்கப் போவதில்லை. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்று பித்தளைப் பாத்திரம் கைமாறுவதுபோலக் கைமாறி வருகிறது. அதனால் மனிதக் கூட்டங்கள் பிரிந்தபோது கிருமிகளும் பிரிந்தன. 2007-ல் வந்த ஓர் ஆய்வு, சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் புறப்பட்டபோதே ஹெலிகோபாக்டரும் கூடவே நடந்து வந்துவிட்டது என்று கணக்கிட்டது. ஆப்பிரிக்க வகை, ஐரோப்பிய வகை, கிழக்காசிய வகை, நம் பக்கத்தோடு தொடர்புள்ள ஆசிய வகை என்று கிருமிக்கும் குலமுறை கிளத்தலாம்.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதன் ஓட்ஸி. அவர் வயிற்றிலும் ஹெலிகோபாக்டர் இருந்தது, கேக்-ஏவும் சேர்த்து. 2016-ல் அதன் மரபணுவைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி. இன்றைய ஐரோப்பியக் கிருமி, ஆசிய வகையும் ஆப்பிரிக்க வகையும் கலந்த கலவை. ஓட்ஸியின் கிருமியோ அநேகமாகக் கலப்பற்ற ஆசிய வகை. அதன் நெருங்கிய சொந்தங்கள் இன்று இந்தியப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆக, ஆப்பிரிக்கக் கலப்பின் பெரும்பகுதி ஓட்ஸிக்குப் பிறகே ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மனிதனுக்கு அல்சர் இருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இரைப்பைச் சுவர் அழிந்துபோயிருந்தது.

இந்தக் குலமுறையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நாரின்யோ போவோம்.

துமாக்கோ மக்களின் வம்சாவளியில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வயிற்றுக் கிருமியிலும் ஆப்பிரிக்க வகை மிகுதி. தூக்கெரஸ் மக்களோ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கப் பழங்குடி வம்சம். அவர்களுக்கென்று, அவர்களோடு ஆசியாவிலிருந்து நிலப் பாலம் கடந்து வந்த கிருமி ஒன்று இருந்திருக்க வேண்டும். அது இப்போது அந்த மலையில் அநேகமாக இல்லை. ஸ்பானியர்கள் வந்த பிறகு ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த கிருமிகள் பழைய குடியை விரட்டிவிட்டுக் குடியேறிவிட்டன. நிலத்துக்கு நடந்தது வயிற்றுக்கும் நடந்திருக்கிறது.

2014-ல் கொரியாவும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உள்ளிட்ட குழு ஒன்று இரண்டு ஊர் மக்களின் மரபணுவையும், அதே மக்களின் வயிற்றுக் கிருமியின் மரபணுவையும் சேர்த்தே படித்தது. ஆப்பிரிக்க வம்சத்து மனிதனில் ஆப்பிரிக்க வம்சத்துக் கிருமி பெரிதாகச் சேதம் செய்யவில்லை. பழங்குடி வம்சம் அதிகமுள்ள மனிதனில் அதே ஆப்பிரிக்க வம்சத்துக் கூறு கொண்ட கிருமி இரைப்பையைக் கடுமையாகச் சிதைத்திருந்தது. இந்தப் பொருத்தமின்மையின் விளைவு, கேக்-ஏ இருக்கிறதா இல்லையா என்பதன் விளைவைவிட வலுவாக இருந்தது.

நான் இதைப் படித்தபோது சற்று நேரம் கட்டுரையை மூடி வைத்தேன். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதை எழுத்தில் கிண்டல் செய்தே பழகியவன் நான். இங்கே உண்மையிலேயே பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய கிருமியும் மனிதக் கூட்டமும் ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேறொருவரின் கிருமி வந்து உட்கார்ந்தால் அந்தப் பழக்கம் இல்லை. இந்த விளக்கம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. கிழக்காசியர்களும் கிழக்காசியக் கிருமியும் நெடுங்காலக் கூட்டாளிகள்தான். அங்கேதான் நோய் அதிகம். கேக்-ஏ எழுதும் கதையை வெறும் பொருத்தத்தால் அழித்துவிட முடியாது, பொருத்தத்தின் கதையைக் கேக்-ஏவால் மறைக்கவும் முடியாது.

மனிதப் பக்கத்து மரபணுவுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு 2023-ல் ஜப்பானிலிருந்து ஓர் எண் வந்தது. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ போன்ற, அறுந்த டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கும் சில மரபணுக்களில் பிறவியிலேயே குறையுள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு ஹெலிகோபாக்டரும் இருந்தால் 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். குறை இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் 14.4 சதவீதம். கிருமி இல்லாவிட்டால், குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதத்துக்குக் கீழே. ஊசி போடும் கிருமி டிஎன்ஏ-வை அறுக்கிறது. ஒட்டுப்போடும் தையற்காரர் வீட்டில் இல்லை.

கிட் மாத்திரையும் கேள்வியும்

இவ்வளவு தெரிந்த பிறகு, எண்டோஸ்கோப்பி அறையிலிருந்து வெளியே வருபவருக்கு என்ன மாறியிருக்கிறது? உண்மையைச் சொன்னால், இன்றைக்கு அதிகமில்லை. திசுத் துணுக்கை ஒரு மஞ்சள் ஜெல்லில் போட்டு, அது இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி உண்டு என்கிறார்கள். கிருமி யூரியாவை உடைக்கும் அதே வேலைதான் நிறத்தை மாற்றுகிறது. மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை, மலச் சோதனையும் உண்டு. உங்கள் கிருமிக்குக் கேக்-ஏ இருக்கிறதா, எபியா துணுக்கு எந்த வகை என்று வழக்கமான சிகிச்சையில் யாரும் பார்ப்பதில்லை. புண்ணோ, புற்றுநோய்க் குடும்ப வரலாறோ, தேய்ந்த இரைப்பையோ இருந்தால் கிருமியை ஒழிக்கச் சொல்வார்கள். அமிலக் குறைப்பு மாத்திரையோடு இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள். மெடிக்கல் ஷாப்பில் ‘எச்.பைலோரி கிட்’ என்று கேட்டால் அட்டை அட்டையாகத் தருவார்கள்.

அந்த அட்டையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. வாய் கசக்கிறது, வயிறு புரட்டுகிறது, வலியும் போய்விட்டது, பிறகெதற்கு என்று ஆறாம் நாளில் மூட்டை கட்டிவிடுவார்கள். கிருமி பிழைத்துக்கொள்கிறது, மருந்தை எதிர்க்கவும் பழகிக்கொள்கிறது. மெட்ரோனிடசோல் என்ற மருந்துக்கு இந்தியக் கிருமிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அசைவதில்லை. வயிற்றுப்போக்குக்கெல்லாம் அதே மருந்தை நாமே வாங்கி விழுங்கிய பலன். தானாகவே எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, சாப்பாடு இறங்காமல் நிற்பது, காரணம் புரியாத ரத்தசோகை ஆகியவை இருந்தால் ‘கேஸ் டிரபிள்’ என்று ஜெலுசில் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு எந்த மரபணு ஆய்வும் தேவையில்லை.

கிருமியை மொத்தமாகத் துடைத்துப் பார்த்த இடமும் உண்டு. தைவானின் மாத்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள். 64 சதவீதமாக இருந்த தொற்று 15 சதவீதமாக இறங்கியது. இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. சின்னத் தீவில் அது நடக்கும். தொற்று பெரும்பாலோரிடம் இருக்கும், ஆனால் நோய் சிலருக்கே வரும் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா என்பது வேறு கணக்கு. கிருமியின் மரபணுவைப் படித்து, ஆபத்தான கிருமியையும் அது உட்கார்ந்திருக்கும் ஆபத்தான வயிற்றையும் மட்டும் தேர்ந்தெடுக்க முடிந்தால் அந்தக் கணக்கு மாறும். அந்தத் திறன் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டி வெளி நோயாளிப் பிரிவுக்கு வரவில்லை.

மலையூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1991-ல் நாரின்யோ மலைப்பகுதியில், ஏற்கெனவே கொரியாவின் வரிசையில் கால் வைத்துவிட்ட எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு சோதனைக்கு முன்வந்தார்கள். சிலருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து, சிலருக்கு வைட்டமின்கள், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்து குழாயை விழுங்கி, இரைப்பைத் துணுக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறாண்டில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் கணக்கு இன்னும் தெளிவானது: கிருமி இல்லாமல் கழிந்த காலம் கூடக் கூட, இரைப்பை வேகம் பிடித்து ஆறுகிறது. இரண்டு மடங்கு ஆண்டுகள் என்றால் நான்கு மடங்கு குணம். கண்ணாடிச் சில்லுகளில் வரிசையை முதலில் கண்ட அதே கொரியா, அறுபதுகளைத் தாண்டி எழுபதுகளில் இருந்தவர், அதே ஊர் மக்களின் சில்லுகளை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குடல்போல மாறியிருந்த இடங்கள் சிலவற்றில் இரைப்பைத் திசு திரும்பியிருந்தது.